மைலுக்கு ஓர் அங்குலம்

ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலக் காகிதத்தில் அடக்கும் வேலையில் நான் கொடி பிடிப்பவனாக இருந்தேன். நில அளவைக் கூட்டத்தில் எங்களைக் கலாசி என்பார்கள். கூடாரம் அடிப்பது, சர்வேயரின் பலகையையும் முக்காலியையும் மலைக்குத் தூக்குவது, அவர் கை காட்டும் இடத்துக்குப் போய்க் கொடிக்கம்பை நட்டு நிற்பது, இவ்வளவுதான் வேலை. மதுரையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கணக்குக் கொஞ்சம் வரும், பேச்சுதான் வராது. நாலு பேர் கூடிய இடத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடையில் உப்பு வாங்கப் போனால்கூட ஆள் குறையட்டும் என்று ஓரமாய் நிற்பேன். அப்படிப்பட்டவனுக்குக் கொடி பிடிக்கும் வேலை நன்றாகப் பொருந்தியது. பொட்டலில் தனியாக நிற்க வேண்டும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். காக்கையும் கொக்கும்தான் துணை.

அந்த வேலையின் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று நான் ஏன் அப்படி அசையாமல் நின்றேன் என்பது விளங்காது.

ஓர் இடத்தைப் படத்தில் ஏற்ற வேண்டுமென்றால் சர்வேயர் அதை இரண்டு இடங்களிலிருந்து பார்க்க வேண்டும். மலைமேல் ஓரிடத்தில் பலகையை வைத்து, பித்தளைக் கண் பொருத்திய சட்டத்தின் வழியாக என் கொடியைப் பார்த்து ஒரு கோடு போடுவார். பிறகு பலகையைத் தூக்கச் சொல்லி, மலைமேலேயே வேறோர் இடத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் நான் நிற்கிறேன் என்று அர்த்தம். முதல் கோடு விழுந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் காட்டி ஒரு மின்னல் அடிப்பார். இரண்டாவது கோடு விழுந்ததும் மறுபடி ஒரு மின்னல். அதன் பிறகுதான் கொடியைப் பிடுங்கலாம். நடுவில் பாம்பே வந்தாலும் நகரக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

இன்னொரு சட்டமும் அவரிடம் உண்டு. தரையில் இன்று கண்ணால் காண்பது மட்டும்தான் படத்தில் ஏறும். முன்பு இருந்தது, இனி வரப்போவது, ஊரார் வாயால் சொல்வது எதுவும் ஏறாது.

யுத்தம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஓர் ஐப்பசியில், எங்கள் கூடாரங்கள் நாகமலைக்குத் தெற்கே ஒரு புளியந்தோப்பில் இருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் வைகை. இந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மலைச்சரிவிலிருந்து ஓடை வந்து கண்மாயை நிரப்பும். கண்மாய் நிரம்பினால்தான் நெல். அந்தக் கண்மாய்க்கு மேற்கே ஓர் ஊர். கீழே, கண்மாய்த் தண்ணீர் போய்ச் சேரும் கடைசியில் இன்னோர் ஊர். கீழே இருந்த ஊரில்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம்.

தாயும் தகப்பனும் போன பிறகு எனக்கு இருந்த ஒரே உறவு அக்காதான். ஞாயிற்றுக்கிழமை சர்வேயரிடம் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். மச்சான் வாசலில் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு சீவிக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள. ஊரையெல்லாம் சுருட்டிக் காயிதத்துல வைக்கிறீங்களாமே?"

"ஆமா மச்சான்."

"எங்க வாய்க்காலையும் சேத்துச் சுருட்டு. விட்றாத."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சீவுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"கண்மாய்க்காரன் போன வாரம் ஏர் பூட்டி வாய்க்காலை உழுது, பக்கத்துத் தரிசோட தரிசா ஆக்கிட்டான். எதுக்கு? நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு போச்சு. வாய்க்கா படத்துல ஏறிட்டா எங்களுக்குத் தண்ணி உரிமை ஆயிரும்ல. அதான் இருந்த தடமே தெரியாம அழிச்சுட்டான்."

கண்மாய்க் கரையில் ஓர் உடைந்த மடை இருந்தது. இரண்டு கல்தூண் நிற்கும். நடுவில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்திருப்பார்கள். கண்மாய் ஊரில் நடவு முடிந்த பிறகு, ஏதோ ஒரு நாள் காலையில், அந்த அடைப்பு திறந்து கிடக்கும். யார் திறந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். தண்ணீர் வாய்க்கால் வழியாக அக்காவின் ஊருக்கு வந்து சேரும். இப்படித்தான் பல காலம் நடந்து வந்தது. கடைசி இரண்டு வருடம் மழை இல்லாததால் கண்மாயே நிரம்பவில்லை. இந்த வருடம் புரட்டாசியிலேயே நல்ல மழை; தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது. ஆனால் வாய்க்கால் இல்லை.

"மச்சான், அது வேற படம்," என்றேன். "நாங்க போடுறது சின்னது. மைலுக்கு ஒரு அங்குலம். அதுல வாய்க்கா உரிமையெல்லாம்..."

"அட, கர்ணம் வீட்டுப் படத்தை நான் பாத்திருக்கேன் மாப்ள. துணி ஒட்டுன படம். எங்க வயலு, வரப்பு, கெணறு அம்புட்டும் நம்பரோட இருக்கு, வாய்க்கா மட்டும்தான் ஏறல. என்கிட்டயே கதை விடுறியா?"

அவர் பார்த்தது ஊர்க் கணக்கரான கர்ணம் வைத்திருக்கும் கிராமப் படம். அதில் ஒரு மைல் நிலம் பதினாறு அங்குலம் வரும். ஒரு குழி நிலத்தைக்கூட அதில் விரல் வைத்துக் காட்டலாம். சர்க்கார் படம் என்றால் எல்லாமே அப்படித்தான் என்று இரண்டு ஊரிலும் நம்பினார்கள். நாங்கள் வந்ததும் கண்மாய்க்காரர்கள் பயந்ததும் அதனால்தான். கீழூர்க்காரர்கள் ஆசைப்பட்டதும் அதனால்தான்.

"பின்ன உங்க சர்வேயரு எதைத்தான் போடுவாரு?"

"தரையில இருக்குறதை."

"தரையில வாய்க்கா இருந்தா?"

"இருந்தா போடுவாரு."

மச்சான் மறுபடி காம்பைச் சீவத் தொடங்கினார்.

கிளம்பும்போது அக்கா தெருமுனை வரை கூட வந்தாள். "தம்பி, கண்டிக்கு ஆள் சேக்குற கங்காணி வந்து வந்து போறான்டா. இந்த வருசமும் தண்ணி இல்லேன்னா கப்பல் ஏறுறதுன்னு இவரு முடிவே பண்ணிட்டாரு. நாத்து விட்டுருக்கோம். கெணத்துத் தண்ணி நாத்தங்காலுக்குத்தான் காணும். நட்டா காயும். தேயிலைக் காட்டுக்குப் போன எங்க ஓரகத்தி திரும்பி வரவே இல்ல. உன்னால ஆனதைச் செய்யுடா."

என்னால் என்ன ஆகும்? கூடாரம் வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை சர்வேயர் பலகையுடன் மலைக்கு ஏறினார். எனக்குக் கண்மாய்க் கரையைக் காட்டி, "கரை வளையும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே நில். கரையின் வளைவு எனக்குச் சரியாக விழ வேண்டும்," என்றார். அவர் பட்டணத்துக்காரர்; புத்தகத் தமிழ் பேசுவார். நான் போய்க் கரை வளைவில் கொடியை நட்டேன். உடைந்த மடை எனக்கு வலது பக்கம், நாற்பதடி தூரத்தில் இருந்தது. அப்போது அது என் மனதில் படவே இல்லை.

வெயில் நன்றாக இருந்தது. கண்மாயில் தாழைக்கோழிகள் நீந்தின. மலை முதுகில் ஒரு புள்ளியாகச் சர்வேயர் தெரிந்தார். முதல் மின்னல் அடித்தது. நான் கொடியை ஒரு முறை சாய்த்து நிமிர்த்தினேன். அவர் பலகையைத் தூக்கச் சொல்லி மலை முதுகின் வழியே கிழக்கே நடக்கத் தொடங்கினார். அந்த நடைக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்.

அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், அக்காவின் ஊர்ப் பக்கமிருந்து ஆட்கள் வரிசையாக மண் வெட்டிக்கொண்டே வருகிறார்கள். விடியும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் புதுமண் இரண்டு பக்கமும் சிவப்பாகக் குவிந்து, ஒரு வாய்க்கால் நெளிந்து கிடந்தது. முன்னால் என் மச்சான். தலைப்பாகை கட்டியிருந்தார். மண்வெட்டி வேகவேகமாக ஏறி இறங்கியது.

கரைக்கு ஒரு கல்லெறி தூரம் இருக்கும்போது மேற்கே இருந்து கண்மாய் ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். கரைமேலேயே நடந்து வந்தார்கள். கம்பு வைத்திருந்தவர்கள் உண்டு. இரண்டொருவர் கையில் அரிவாள் இருந்தது. முன்னால் அவர்கள் அம்பலகாரர், ஊர்த் தலைவர். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. அவர்கள் எனக்கு இடது பக்கம் வந்து நின்றார்கள். கீழே வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு எனக்கு வலது பக்கம், மடைத்தூண்களுக்கு அருகே கரை ஏறினார்கள். நடுவில் நானும் கொடியும்.

"யாரைக் கேட்டு வெட்டுறீங்க?" என்றார் அம்பலகாரர்.

"யாரைக் கேட்டு உழுதீங்க?" என்றார் மச்சான்.

"எங்க நிலம், நாங்க உழுவோம்."

மச்சானுக்குப் பின்னால் நின்ற ஓர் ஆள் சொன்னான்: "ஏண்ணே, உழுறதுக்கு உங்க ஊருல வேற எடமே கெடையாதா? வாய்க்காலுக்குள்ள என்னத்தை வெதைக்கப் போறீங்க, அயிரை மீனா?"

கீழூர்க்காரர்கள் சிரித்தார்கள். மறுபக்கம் ஒருத்தன் அரிவாளைக் கை மாற்றிக்கொண்டான்.

நான் மலையைப் பார்த்தேன். சர்வேயர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மேற்கே, மேகம் ஏறத் தொடங்கியிருந்தது.

மச்சானின் கண் இப்போது கொடியின் மேல் விழுந்தது. பின்பு மடைத்தூண்களைப் பார்த்தார். பின்பு மறுபடி கொடியை. என்னிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னார். "மாப்ள, கொடியை எங்க வெச்சிருக்க? மடை அங்கிட்டுல இருக்கு. கொடி மடையில நின்னாத்தான மடை படத்துல ஏறும்? கொஞ்சம் நகந்து நில்லு."

மெதுவாகச் சொன்னது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

"கொடி புடிக்கிற அண்ணே," என்றான் அரிவாள்காரன், மரியாதையாகவே. "நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்கயே நில்லுங்க. அங்கிட்டு நகந்தீங்கன்னா கொடி மட்டும்தான் நகரும், கை இங்கயே கெடக்கும்."

"அவனைத் தொட்டுருவியா நீ? அது யாரு தெரியுமா?" மச்சான் கத்தினார். "என் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்!"

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்பலகாரர் குடையைத் தரையில் ஊன்றினார். "ஓஹோ. மச்சினன வெச்சு மடையைப் புடிக்கப் பாக்குறியா? அதானே பாத்தேன், சர்வே கூட்டம் வந்த மறுநாளே மம்பட்டி எறங்குதேன்னு."

இதுவரை நான் அவர்களுக்கு ஒரு சர்க்கார் ஆள். ஒரு கம்பு மாதிரி. இப்போது எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வியர்த்தது. கம்பைப் பிடித்திருந்த கை வழுக்கியது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன்.

என் வேதனையை எப்படிச் சொல்வது? நாற்பதடி என்பது எங்கள் படத்தில் ஒரு தலைமயிரின் கனம். பென்சிலைச் சீவி வைத்தால் அந்த முனைக்குள் நான் நின்ற இடமும் மடையும் இரண்டும் அடங்கிவிடும். நான் நகர்ந்தாலும் நகராவிட்டாலும் காகிதத்தில் ஒரு மாற்றமும் வராது. ஆனால் தரையில் அந்த நாற்பதடிக்குள் இரண்டு ஊர் நிற்கிறது. நகர்ந்தால் அரிவாள் இறங்கும். யார்மேல் முதலில் இறங்கும் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. மச்சான்தான் முன்னால் நின்றார். நகராவிட்டால், தம்பி நினைத்திருந்தால் தண்ணீர் வந்திருக்கும், அவன் நினைக்கவில்லை என்று அக்கா கப்பல் ஏறும் வரை எண்ணுவாள். ஒன்றுமே இல்லாத ஒரு விஷயத்துக்காக இரண்டில் ஒன்று நடக்கப் போகிறது.

"படத்துல..." என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "படத்துல இது தெரியாதுங்க. இம்புட்டுத் தூரம் ஒரு பென்சில் முனைதான்."

"என்ன சொல்றான்?"

"கண்மாய் பென்சில் முனைங்குறான்."

இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அன்று அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

வெயில் போய்விட்டது. மேகம் மலை முதுகைத் தாண்டி எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. மலையில் சர்வேயர் இரண்டாவது இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதைப் பார்த்தேன். புள்ளி நகராமல் நின்றது. கோட்டைப் போட்டிருப்பார். ஆனால் கண்ணாடிக்கு வெயில் வேண்டுமே. வெயில் இல்லாமல் மின்னல் எப்படி அடிப்பார்? மின்னல் வராமல் நான் எப்படி நகர்வது?

காற்று எழுந்து கொடி படபடத்தது. அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கூச்சல் போட்டபோது இருந்ததைவிட இது எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மச்சான் பொறுமை இழந்துவிட்டார். மண்வெட்டியைத் தோளில் இருந்து இறக்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து, கொடிக்கம்பை ஒரு கையால் பிடித்தார். "விடு மாப்ள. நீ நகர வேணாம். நான் கொண்டு போய் வைக்கிறேன். பழி என்மேல இருக்கட்டும்."

நான் விடவில்லை. அவர் இழுத்தார். நான் கம்போடு கம்பாக ஒட்டிக்கொண்டேன். அவர் மூச்சு என் முகத்தில் பட்டது. "ஒன் அக்கா கண்டியில கெடந்து சாகட்டும்னு நெனைக்கிறியா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அந்தப் பக்கம் கால்கள் நெருங்கி வரும் சத்தம் கேட்டது. எனக்கு இடது காதுக்குப் பின்னால், மிக அருகில், யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பினார்கள்.

"மச்சான்," என்றேன். "பின்னால பாருங்க."

அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வெட்டுகிறவர்களுக்குக் கஞ்சிக் கலயம் தூக்கி வந்த அக்கா கரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். என் கையையும், தன் புருஷன் கையையும், அதற்குப் பின்னால் இருந்த அரிவாளையும் வரிசையாகப் பார்த்தாள். கலயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கரை ஏறினாள். வந்து புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடுங்க," என்றாள்.

"நீ போடி."

"எடுங்கன்னா. அவன் பொழப்பு அது."

பெண்பிள்ளை நடுவில் வந்து நின்றதால் இரண்டு பக்கமும் ஓர் அடி பின்வாங்கினார்கள். மச்சான் கையை எடுத்தார். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். இப்படியே எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. தூறல் போடவா வேண்டாமா என்று மேகம் தயங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது, என்ன கூட்டம்?"

சர்வேயரின் குரல். வெயிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், கூட்டத்தையும் பார்த்துவிட்டு, மலையைவிட்டு இறங்கி வந்திருக்கிறார். பின்னால் இன்னொரு கலாசியின் தலையில் பலகை, மழைக்குத் தோல் உறை போட்டு மூடியிருந்தது. அரிவாளைப் பார்த்ததும் அவர் முகமும் மாறியது. ஆனாலும் அவர் முதலில் என்னைத்தான் கேட்டார்: "நகர்ந்தாயா?"

"இல்லீங்க."

"நல்லது." பிறகுதான் அம்பலகாரர் பக்கம் திரும்பினார்.

அம்பலகாரர் சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, நீங்க வரைஞ்ச படத்தை எங்களுக்குக் காட்டணும். மடை அதுல இருக்கா இல்லையா, எங்களுக்கு இப்பவே தெரியணும்."

படத்தை வெளி ஆட்களுக்குக் காட்டுவது வழக்கமில்லை. சர்வேயர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முக்காலியைக் கரைமேலேயே நிறுத்தி, பலகையை வைத்து, உறையை அவிழ்த்தார். இரண்டு ஊரும் கழுத்தை நீட்டியது. வேர்வை வாடையும் மண் வாடையும் மூச்சு முட்டியது.

வெள்ளைக் காகிதம். அதில் நாகமலை, கட்டைவிரல் ரேகை மாதிரி நெருக்கமான வளைகோடுகளாக. அதன் அடியில் ஒரு சின்ன அரைநிலா.

"இதுதான் இந்தக் கண்மாய்," என்றார் சர்வேயர்.

விரல் நகத்தளவுதான் இருந்தது.

"மடை?" என்றார் மச்சான்.

சர்வேயர் பென்சில் முனையை அரைநிலாவின் ஓரத்தில் தொட்டுக் காட்டினார். "இந்தப் புள்ளிக்குள்ளே மடையும் இருக்கிறது. இவன் கொடி பிடித்து நின்ற இடமும் இருக்கிறது. நாம் எல்லாரும் இருக்கிறோம்."

அம்பலகாரர் நம்பவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. குனிந்து, காகிதத்தில் மூக்கு படும் அளவுக்குப் போய்ப் பார்த்தார். "எங்க ஊரு எது?"

"இந்தச் சின்னக் கட்டங்கள்."

"இதுல என் வீடு எது?"

"வீடு வீடாக வராது ஐயா. ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் இது."

"மாடி வீடுய்யா. சுத்துப்பட்டியில ஒரே மாடி வீடு. கலெக்டரு வந்து எறங்குன வீடு."

"இருக்கலாம். இதில் வராது."

அம்பலகாரர் நிமிர்ந்தார். முகம் கறுத்துவிட்டது. மச்சானைக் கை காட்டி, "இவன் வீடு?" என்றார்.

"அதுவும் வராது."

அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்த மாதிரி இருந்தது. "அப்ப கர்ணம் வீட்டுல இருக்குற படம்?"

"அது பெரிய படம். அதில் மைலுக்குப் பதினாறு அங்குலம். தண்ணீர், வரப்பு, பாத்தியம் எல்லாவற்றுக்கும் தாலுகா ஆபீசில் அதைத்தான் பார்ப்பார்கள். இதை யாரும் கேட்க மாட்டார்கள். இது ரோடு போடுகிறவர்களுக்கும் பட்டாளத்துக்கும்."

அம்பலகாரர் தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "என் வீட்டையே முழுங்குன படம் மடையவா காட்டப்போகுது? இதுக்குப் போயா அரிவாளைத் தூக்கிட்டு வந்தீங்க? வீட்டுக்குப் போங்கடா." அரிவாள்காரன் அதை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டான்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் முடியவில்லை. போகத் திரும்பிய அம்பலகாரர் நின்று மச்சானைக் கேட்டார்.

"எதுக்குப்பா மம்பட்டியைத் தூக்குன? இத்தனை வருசமா தண்ணி குடுக்கலையா நாங்க? கேட்டா குடுக்க மாட்டமா?"

"கேட்டுத்தான் வாங்கணுமா?" என்றார் மச்சான்.

"கேட்டாத்தான் குடுப்போம்."

இப்போது எல்லாரும் மச்சானையே பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். அதை அவர் சொல்லிவிட்டால் வருடம் பிழைத்தது. அவர் தாடை இறுகுவதைப் பார்த்தேன். அவர் தண்ணீருக்காக மட்டும் விடியும் முன்னே வெட்ட வரவில்லை. ஒருத்தர் தயவில்லாமல் வருகிற தண்ணீருக்காக வந்தார். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் வாய் திறக்கவில்லை. அம்பலகாரர் சற்று நேரம் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"அண்ணே."

அக்காதான்.

"தண்ணி வேணும்ணே. நாத்து நிக்குது."

அம்பலகாரர் அவளைப் பார்த்தார். "எங்க நடவு முடியட்டும் தாயி," என்றார். "முடிஞ்ச மறுநாள் தொறந்துக்கங்க."

மச்சான் தன் மண்வெட்டியை வாங்கிக்கொள்ளக்கூட இல்லை. கரையிலிருந்து இறங்கி, தான் வெட்டிய வாய்க்கால் வழியாகவே நடந்து போனார். அக்கா கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, இரண்டாவது கோட்டைச் சரிபார்க்க, சர்வேயர் என்னை அதே வளைவில் நிறுத்தினார். ஆள் அரவமே இல்லை. மடைத்தூணில் ஒரு கொக்கு மட்டும் உட்கார்ந்திருந்தது. மலையிலிருந்து மின்னல் வந்ததும் கொடியைப் பிடுங்கிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினேன்.

அன்று சாயங்காலம் அவர் வாய்க்காலை வரைந்தார். தரையில் கண்டது மட்டும்தான் ஏறும் என்பது அவர் சட்டமல்லவா? கீழூரிலிருந்து நெளிந்து வந்த மெல்லிய கோடு, கண்மாயைத் தொடாமல், சற்று முன்னால் நின்றுவிட்டது. கரைக்குக் கல்லெறி தூரத்தில் வெட்டு நின்றது அல்லவா, அந்த இடம்.

கார்த்திகையில் மடை திறந்தது. வாய்க்கால் நின்ற இடத்துக்கும் மடைக்கும் நடுவில் இருந்த உழவு நிலத்தின் மேல் தண்ணீர் தானாகவே தடம் பிடித்துக்கொண்டது. நட்டது காயவில்லை. கங்காணி அந்த வருடம் வேறு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனான். அக்கா இருந்தாள். ஆனால் அவள் வீட்டுக்கு நான் போனால் மச்சான் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். பல வருடம் அப்படித்தான் இருந்தது. அவரைப் படம் ஏமாற்றியது பெரிதில்லை. ஊர் முன்னால் பெண்டாட்டி கேட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது, அதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் அவருக்கு ஆறவில்லை என்று நினைக்கிறேன்.

அச்சான படத்தை நான் யுத்த காலத்தில் பார்த்தேன். பட்டாளத்து ஆபீசில் கட்டுக்கட்டாக அடுக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மதுரை ஷீட் கைக்கு வந்தபோது நாகமலையைத் தேடி, அதன் அடியில் நீல அரைநிலாவைத் தேடி, அந்தக் கோட்டைப் பார்த்தேன். இருந்தது. இடைவெளியும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் என் மகள் காதுகுத்து. அக்காவோடு மச்சானும் வந்தார். தலை நரைத்திருந்தது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, என் முகத்தைப் பார்க்காமல், சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, அந்தப் படம் வந்துருச்சா?"

"வந்துருச்சு மச்சான்."

"எங்க வாய்க்கா இருக்கா அதுல?"

"இருக்கு."

"கண்மாய் வரைக்கும் இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் அந்தப் படத்தைப் பார்க்கப் போவதே இல்லை. "இல்ல மச்சான். கொஞ்சம் முன்னாடியே நின்னுருது."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்றார். அக்கா அடுப்படியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் போட்டிருக்கான்," என்றார். "இன்னைக்கும் வருசா வருசம் இவதான் போய்க் கேக்குறா."

பிறகு வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.